மதுரையின் பெயர் தாங்கிய பூஞ்சணம்

கார்த்திகை மாதத்து அடைமழை இரண்டு நாள் விடாது பெய்தால் நம் வீடுகளுக்கு ஒரு விருந்தாளி அழையாமலே வந்து சேர்ந்துவிடுவார். மூடி வைத்த பாண் துண்டின்மேல் பச்சைத் தூளாகவும், ஊறுகாய்ச் சாடியின் விளிம்பில் வெண்பஞ்சாகவும், அலுமாரியில் வைத்த தோற் செருப்பின்மேல் சாம்பற் படலமாகவும் அவர் காட்சி தருவார். "பூஞ்சணம் பிடித்துவிட்டது" என்று சொல்லிப் பாண் துண்டை எறிந்துவிடுவோம். செருப்பைத் துடைத்து வெயிலில் வைப்போம். அத்துடன் அக்கதை முடிந்தது. அப்பூஞ்சணம் எந்த இனத்தைச் சேர்ந்தது, அதன் பெயர் யாது என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால், பூஞ்சணம் பாண் துண்டில் அன்றி ஒரு மனிதனின் பாதத்திலோ சுவாசப்பையிலோ வளர்ந்திருப்பதாகக் கண்டால், அங்கே முதலில் எழும் வினா "இதன் பெயர் என்ன?" என்பதே. பெயர் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் காலும் போகலாம், உயிரும் போகலாம். சில வேளைகளில் அவ்வினாவுக்கு விடையே கிடையாது. ஏனெனில், நோயாளியின் உடலிலிருந்து எடுத்த அப்பூஞ்சணத்துக்கு உலகில் அதுவரை எவரும் பெயர் இட்டிருக்கமாட்டார்.

விஞ்ஞான வகுப்புகளில், "வாயில் நுழையாத இந்த இலத்தீன் பெயர்களை எல்லாம் மனனம் செய்வதால் என்ன பயன்?" என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்வதை நாம் பல முறை கேட்டிருக்கின்றோம். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடையாக அமையக்கூடிய ஒரு வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகின்றோம். அது தொடங்குமிடம் நமக்கு மிக அணித்தேயுள்ள மதுரை மாநகரம்.

மதுரைக்கால்

மதுரையை நாம் மீனாட்சியம்மை திருக்கோயிலாலும் சங்கத் தமிழாலும் அறிவோம். மருத்துவ உலகமோ அந்நகரை ஒரு நோயின் பெயராலும் அறிந்திருக்கின்றது. 1842 ஆம் ஆண்டில் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கில வைத்தியர், அப்பகுதி மக்களிடையே தாம் கண்ட ஒரு பாத நோயைப் பற்றி அறிக்கை எழுதினார். அங்கே பணியாற்றிய கோல்புறூக் என்னும் வைத்தியர் 1846 இல் அதனை 'மதுரைக்கால்' என்று குறித்தார். அன்று தொட்டு இன்றுவரை மருத்துவ நூல்களில் அப்பெயர் வழங்கி வருகின்றது.

அந்நோய் உண்டாகும் வகையைக் கேளுங்கள். வெறுங்காலுடன் வயலிலோ மேய்ச்சல் நிலத்திலோ நடக்கும் ஒருவனின் காலில் ஒரு முள் தைக்கின்றது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் தன் வேலையைப் பார்க்கின்றான். மாதங்கள் கழிகின்றன. முள் தைத்த இடத்தில் ஒரு சிறு கட்டி தோன்றுகின்றது. அதில் நோவில்லை. நோவில்லாமையே இந்நோயின் பெருங்கொடுமை. நோவாத கட்டிக்காக ஒரு நாட் கூலியை இழந்து வைத்தியரை நாடும் ஏழை எங்கேயுள்ளான்? ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதம் வீங்கிப் பருக்கின்றது. தோலிலே துளைகள் விழுகின்றன. அத்துளைகள் வழியே சீழோடு கடுகிலும் சிறிய மணிகள் வெளிவருகின்றன. சிலருக்கு அவை கறுப்பு, சிலருக்கு வெள்ளை, சிலருக்கு மஞ்சள் அல்லது சிவப்பு. உள்ளேயோ நோய் என்பை அரித்துக்கொண்டிருக்கின்றது. இறுதியில் பலருக்குக் காலைத் துண்டிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமற் போகின்றது.

இந்நோயை நுணுகி ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வான்டைக் காட்டர் என்பவர். 1858 இல் வெளிவந்து உலகப் புகழ் எய்திய கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. இந்நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சணமே என்று கருதிய அவர், 1860 இல் 'மைசெற்றோமா' என்று அதற்குப் பெயரிட்டார். 'பூஞ்சணக் கட்டி' என்பது அதன் பொருள். 1902 இல் பிரெஞ்சு அறிஞர் லவரான், கறுப்பு மணிகளை உண்டாக்கும் உயிரை விவரித்தார். 1905 இல் அதே நாட்டினரான எமில் புரும்ப் அதற்கென ஒரு புதிய சாதியை வகுத்து, மதுரையின் பெயரால் அதனை 'மதுரெல்லா' என அழைத்தார். 'மதுரெல்லா மைசெற்றோமேற்றிஸ்' என்பது அதன் இன்றைய முழுப் பெயர். இவ்வாறு ஒரு தமிழ் நகரத்தின் பெயர் உலகப் பூஞ்சண நூல்களில் நிலைபெற்றது.

ஆயினும் காட்டர் எண்ணியது பாதி உண்மையே. மதுரைக்காலை உண்டாக்குபவை இருவகை உயிர்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரு வகை மெய்யான பூஞ்சணங்கள். மற்றொரு வகை, பூஞ்சணம் போல இழையிழையாக வளரும் பற்றீரியாக்கள். இவ்விரண்டாம் வகையிலும் 'அக்ரினோமதுரா மதுரே' என மதுரையின் பெயரை இருமுறை தாங்கிய ஓர் இனம் உண்டு. வெளித்தோற்றத்தில் இரு நோய்களும் ஒன்றே. மருந்தோ முற்றிலும் வேறு. பற்றீரியாவால் வந்த நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுத்தால் பெரும்பாலும் குணம் காணலாம். பூஞ்சணத்தால் வந்ததற்கு அம்மருந்துகளால் ஒரு பயனும் இல்லை. பூஞ்சண எதிர்ப்பு மருந்தை மாதக்கணக்கில் உண்பதோடு சத்திரசிகிச்சையும் செய்ய வேண்டும். ஆகவே கட்டியைக் கண்ட மாத்திரத்தில் சிகிச்சையைத் தொடங்க இயலாது. பெயரறிதலே சிகிச்சையின் முதற்படி.

ஆய்வுகூடத்தில் நிகழ்வது

நோயாளியின் சளி, சீழ், தசைத்துண்டு, மணி முதலியன ஆய்வுகூடத்தை அடைந்ததும் அங்குள்ளோர் செய்வது யாது? முதலில் அதில் ஒரு சிறு பகுதியைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்குவர். அக்கரைசல் மனிதக் கலங்களைக் கரைத்துவிடும். பூஞ்சண இழைகளோ கரையாமல் நிற்கும். பின்பு, மீதிப் பகுதியை வெல்லமும் புரதச் சத்தும் சேர்ந்த ஏகார்க் கூழில் இட்டு வளர்ப்பர். பாரிசு நகரத்துத் தோல் வைத்தியர் சபுறோ என்பவர் வகுத்த கூழே இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. சில பூஞ்சணங்கள் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். மதுரெல்லா போன்றவை வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும்.

வளர்ந்த பூஞ்சணத்தின் நிறம், விளிம்பு, அடிப்புறச் சாயம், கூழில் ஊறும் நிறம் யாவும் குறித்துக்கொள்ளப்படும். பிறகு நீலச் சாயமூட்டி, வித்திகள் எவ்வாறு பிறக்கின்றன என்று நோக்குவர். தூரிகை போலக் கிளைத்த காம்பில் வித்திகள் கோவையாக நின்றால் பெனிசிலியம். பருத்த தலையொன்றைச் சூழ்ந்து நின்றால் அஸ்பேர்ஜிலஸ். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பூஞ்சணங்கள் இவ்வாறே இனங்காணப்பட்டன.

இம்முறையில் இரண்டு இடர்ப்பாடுகள் உள. ஒன்று, சில பூஞ்சணங்கள் ஆய்வுகூடத்தில் வித்திகளையே ஈனுவதில்லை. மலடாய் வெறும் இழையாகவே வளரும். முகமில்லாத ஒருவனை எவ்வாறு அடையாளம் காண்பது? மற்றொன்று, உறவற்ற இரு பூஞ்சணங்கள் ஒத்த தோற்றம் கொண்டிருத்தல் கூடும். நெருங்கிய உறவுடையவை வேறுபட்டுத் தோன்றுதலும் கூடும்.

மதுரெல்லாவின் கதையே இதற்குச் சான்று. 1949 இல் கறுப்பு மணிகளை உண்டாக்கும் வேறொரு பூஞ்சணம் விவரிக்கப்பட்டது. அதுவும் கருநிற இழை, அதுவும் மலடு. ஆகவே 'மதுரெல்லா கிறிசியா' என்று முன்னையதன் தம்பியாக அதற்குப் பெயரிட்டனர். அறுபதாண்டுகளுக்கு மேல் அவ்வாறே வழங்கிற்று. பரம்பரையலகுகளை ஒப்புநோக்கிய பின்னரே, அவை தம்பியும் தமையனும் அல்ல, ஒரே ஊரினரும் அல்ல என்பது புலனாயிற்று. இரண்டும் வெவ்வேறு வருணங்களைச் சேர்ந்தவை. இன்று பின்னையது 'திரெமற்றோஸ்பேரியா கிறிசியா' என்னும் வேறு பெயரைத் தாங்குகின்றது.

பெனிசிலினின் பெயர்ப் பிழை

பெயரிடுவதில் பிழை நேர்வது ஏதோ அரிய நிகழ்ச்சி என்று எண்ண வேண்டாம். உலகிலே மிகப் புகழ்பெற்ற பூஞ்சணம் 1928 இல் இலண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங்கின் கிண்ணத்தில் விழுந்த பெனிசிலியமே. அவ்வைத்தியசாலையில் இருந்த பூஞ்சண அறிஞர் லா தூசு அதனைப் 'பெனிசிலியம் றுப்ரம்' என்றார். பிளெமிங்கும் தமது கட்டுரையில் அப்பெயரையே எழுதினார். அமெரிக்க அறிஞர் சாள்ஸ் தொம் அதனை ஆராய்ந்து, 'பெனிசிலியம் நொற்றேற்றம்' என்று திருத்தினார். பல்லாண்டுகள் பாடநூல்களில் அப்பெயரே இருந்தது. 2011 இல் பரம்பரையலகு ஆராய்ச்சியாளர் அது 'பெனிசிலியம் றுபென்ஸ்' என்று நிறுவினர். எண்பதாண்டுகளில் மூன்று பெயர்கள்!

பூஞ்சணத்தின் பெயர் பிழைத்தாலும் பெனிசிலின் தன் வேலையைச் செய்தது. ஆனால் நோய் தரும் பூஞ்சணத்தின் பெயர் பிழைத்தால் அவ்வாறு அமைதி கொள்ள இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் சியற்றில் நகரில், என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் உடலிலிருந்து எடுத்த சில பூஞ்சணங்கள் ஆராய்ச்சியாளரின் கவனத்தை ஈர்த்தன. அத்தகைய நோயாளருக்குச் சுவாசப்பை நோயைத் தருவதில் முதலிடம் பெறுவது 'அஸ்பேர்ஜிலஸ் பியூமிகேற்றஸ்'. இவையும் அதுவென்றே கருதப்பட்டன. ஆயினும் இவை வித்தி ஈனுவதில் மந்தமாயிருந்தன. மற்றது 50 பாகை சதம வெப்பத்திலும் வளரும். இவையோ அவ்வெப்பத்தில் வளரவில்லை. எல்லாவற்றிலும் மேலாக, வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு இவை எளிதில் அடங்கவில்லை. பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது இவை தனியோர் இனம் என்று தெரிந்தது. 2005 இல் 'அஸ்பேர்ஜிலஸ் லென்ரியூலஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. 'சற்று மந்தமானது' என்பது அச்சொல்லின் பொருள்.

உருவத்தை மட்டும் கண்டு ஒரு பெயரை எழுதி அனுப்பியிருந்தால், வைத்தியர் அப்பெயருக்குரிய மருந்தையே கொடுத்திருப்பார். நோயோ நில்லாது. குற்றம் எங்கேயென்று எவருக்கும் விளங்கியிராது.

மூங்கில் எலியின் ஈரல்

மற்றொரு வரலாறு. 1956 இல் வியற்நாமின் தாலாத் நகரிலுள்ள பாஸ்ரர் நிலையத்தில், ஆராய்ச்சிக்காக வளர்த்த ஒரு மூங்கில் எலி இறந்தது. அதன் ஈரலிலிருந்து ஒரு பூஞ்சணம் கிடைத்தது. சாதாரண வெப்பத்தில் அது இழையாக வளர்ந்து கூழைச் செந்நிறமாக்கிற்று. 37 பாகையில், அதாவது நம் உடல் வெப்பத்தில், அது உருமாறித் தனித்தனிக் கலங்களாக வாழ்ந்தது. பாரிசிலிருந்த செக்ரெத்தேன் என்பவர் 1959 இல் அதற்குப் 'பெனிசிலியம் மார்னெபீ' என்று, இந்தோசீனப் பாஸ்ரர் நிலையத்தின் தலைவராயிருந்த மார்னெப் அவர்களின் பெயரைச் சூட்டினார். அவர் அதனை ஆராய்ந்துகொண்டிருக்கையில் ஊசி தற்செயலாய் அவர் விரலிலே குத்திவிட்டது. சில நாட்களில் அவ்விடத்தில் ஒரு சிறு கட்டி எழுந்தது. அப்பூஞ்சணம் மனிதனையும் பற்றும் என்பதற்கு அதற்குப் பெயரிட்டவரே முதற் சான்றானார். நற்பேறாக மருந்தினால் அவர் குணமடைந்தார்.

அது அன்று ஓர் அபூர்வச் செய்தி. இயல்பாகவே மனிதரைப் பற்றிய முதல் நிகழ்ச்சி 1973 இல்தான் வெளிவந்தது. பின்பு எயிட்சு நோய் பரவிய காலத்தில் தாய்லாந்து, தென்சீனம், வியற்நாம், இந்தியாவின் மணிப்பூர் ஆகிய இடங்களில் அது பலரைக் கொன்றது. அப்பொழுது மருத்துவர்களின் கையில் அதன் பெயரும் இயல்பும் எழுதப்பட்டு ஆயத்தமாயிருந்தன. ஓர் எலியின் ஈரலை வீணென்று எறிந்துவிடாத அறிஞர்களின் சிரத்தை, முப்பதாண்டுகள் கழித்து மனிதருக்கு உதவிற்று. 2011 இல் அதன் உறவுமுறை செவ்வனே ஆராயப்பட்டு, இன்று 'தலரோமைசிஸ் மார்னெபீ' என வழங்குகின்றது.

ஏட்டுச்சுவடியும் பரம்பரையலகும்

பரம்பரையலகைக் கொண்டு உறவு அறிவது எங்ஙனம் என வாசகர்கள் வினவலாம். தமிழ் மாணவருக்கு இதனை விளக்குதல் எளிது. நமது சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும், உ. வே. சாமிநாதையர் அவர்களும் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார்கள். ஓர் ஏட்டில் நேர்ந்த பிழை, அதனைப் பார்த்து எழுதிய ஏடுகளிலும் தொடரும். ஆகவே ஒரே பாடபேதத்தைக் கொண்ட இரண்டு ஏடுகள் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை என்று ஊகிக்கலாம். ஏட்டின் உறையும் கயிறும் எந்த நிறமாயிருந்தாலென்ன? உள்ளே உள்ள எழுத்தே அதன் குலத்தைச் சொல்லும்.

உயிர்களின் கலத்தினுள்ளும் ஓர் ஏடு உண்டு. அது டி.என்.ஏ. எனப்படும், நான்கே எழுத்துக்களால் ஆனது. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும்போது அதிலும் பாடபேதங்கள் நேர்கின்றன. அவற்றை ஒப்புநோக்கி எந்தப் பூஞ்சணம் எதற்கு உறவு என்று கிளைவழி வரைகின்றனர். பூஞ்சணங்களை இனங்காண்பதற்கென்று அவ்வேட்டின் ஒரு குறிப்பிட்ட சிறு பகுதியை 2012 இல் அறிஞர்கள் பொது அடையாளமாக ஏற்றுக்கொண்டனர். அஸ்பேர்ஜிலஸ் போன்ற சில சாதிகளுக்கு அது ஒன்றே போதாது. வேறு பகுதிகளையும் படித்தாக வேண்டும்.

இம்முறை நமது நாட்டுக்கு நன்கு அறிமுகமான ஒரு நோயைப் பற்றிய எண்ணத்தையும் மாற்றியது. குளங்களில் நீராடுவோரின் மூக்கினுள் சிவந்த தசை வளர்ச்சியை உண்டாக்கும் ஒரு நோய் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மிகுதி. அதற்குக் காரணமான 'றைனோஸ்போரிடியம்' எனும் உயிரை நெடுங்காலம் பூஞ்சணமென்றே நூல்கள் கூறின. ஆய்வுகூடத்தில் அதனை வளர்க்க முடியாமையால் ஐயமும் தீரவில்லை. 1999 இல் அதன் டி.என்.ஏ. படிக்கப்பட்டபோது, அது பூஞ்சணமே அன்று, மீன்களைப் பற்றும் சில நுண்ணுயிர்களுக்கு உறவானது, விலங்கும் பூஞ்சணமும் பிரிந்த சந்தியருகே நிற்பது என்று விளங்கிற்று. பூஞ்சண மருந்துகள் அதில் நல்ல பயன் தராததும், சத்திரசிகிச்சையே அதற்கு வழியாயிருப்பதும் வியப்பன்று.

பெயர் சூட்டும் விதி

ஒரு நோயாளியிடம் கண்டது புதிய இனம் என்று அறிவிக்க விரும்புவோர் என்னென்ன செய்தல் வேண்டும்? முதலாவது, அது காற்றிலே மிதந்து வந்து கிண்ணத்தில் விழுந்த தூசியன்று என்று காட்ட வேண்டும். பூஞ்சண வித்திகள் எங்குமுள்ளன. நோயாளியின் தசையினுள்ளேயே அவ்விழைகளைக் காண வேண்டும்; அல்லது மீண்டும் மீண்டும் அதே பூஞ்சணம் கிடைக்க வேண்டும். இரண்டாவது, அதன் உருவத்தையும் பரம்பரையலகையும் அறிந்த இனங்கள் யாவற்றோடும் ஒப்புநோக்க வேண்டும். மூன்றாவது, அப்பெயருக்கு என்றென்றும் சாட்சியாக ஒரு மாதிரியைப் பொதுக் காப்பகத்தில் வைக்க வேண்டும். அதனை உலர்த்தியோ உறையவைத்தோ, உயிர்ச்செயல் ஓய்ந்த நிலையில் பாதுகாப்பர். நெதர்லாந்தின் உத்தரெக்ற் நகரிலுள்ள வெஸ்ரடைக் நிலையம் அத்தகைய பெருங் காப்பகங்களுள் ஒன்று. பிற்காலத்தில் எவருக்கேனும் ஐயம் எழுந்தால், அம்மாதிரியை எடுத்து ஒப்புநோக்கலாம். நான்காவது, விவரத்தை எழுதி வெளியிட வேண்டும். 2011 முடியும் வரை அது இலத்தீனில் இருத்தல் கட்டாயம்; இன்று ஆங்கிலமும் ஏற்கப்படும். 2013 முதல் ஒவ்வொரு புதிய பெயரும் பொதுப் பதிவேட்டில் பதிவாதல் வேண்டும். ஒரு பூஞ்சணத்தின் இரு பருவங்களுக்கு இரு பெயர்கள் வழங்கிய பழைய வழக்கமும் ஒழிந்து, ஓர் இனத்துக்கு ஒரு பெயர் என்பது அவ்வாண்டு முதல் விதியாயிற்று.

கார்ட்டூமில் நேர்ந்தது

மீண்டும் மதுரைக்காலுக்கு வருவோம். இன்று அந்நோய் மிகுதியாக அறியப்பட்ட நாடு ஆபிரிக்காவிலுள்ள சூடான். அங்கே பெரும்பாலும் கறுப்பு மணி நோயே காணப்படுகின்றது. அதன் தலைநகராகிய கார்ட்டூமில் 1991 இல் அந்நோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்து நடத்தியவர் சத்திரசிகிச்சை நிபுணர் அகமட் பாஹல். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் அங்கே பதிவு செய்யப்பட்டனர். அவர்களுட் பலர் உழவரும், இடையரும், பாடசாலை செல்லும் வயதுடைய சிறுவருமாவர்.

கறுப்பு மணிகளைத் தருவது மதுரெல்லா மைசெற்றோமேற்றிஸ் ஒன்றே என்று எண்ணி, இற்றாக்கொனசோல் என்னும் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்து வந்தனர். 2012 இல் நெதர்லாந்து அறிஞர்களும் சூடானிய அறிஞரும் கூடி, மைசெற்றோமேற்றிஸ் என்று வைக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளை மறுபடி ஆராய்ந்தனர். அவற்றினிடையே இரண்டு புதிய இனங்கள் மறைந்திருந்தன. அவற்றுள் சூடானிலிருந்து வந்த ஒன்றுக்குப் பாஹல் அவர்களைச் சிறப்பித்து 'மதுரெல்லா பாஹலீ' என்று பெயரிட்டனர். ஆய்வுகூடத்தில் அதன்மேல் இற்றாக்கொனசோலைச் சோதித்தபோது, அம்மருந்துக்கு அது சற்றும் அடங்கவில்லை!

இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். கறுப்பு மணி, கருநிற இழை, மலட்டுத் தன்மை, எல்லாம் ஒன்றே. அத்தோற்றத்தை நம்பினால், ஓர் ஏழை உழவன் விலை மிகுந்த ஒரு மருந்தை ஓராண்டு முழுவதும் உண்பான். பயன் இராது. பூஞ்சணமோ என்பை அரித்துக்கொண்டே இருக்கும். அவன் காலை இழந்த பின்பும், "மருந்தை ஒழுங்காக உண்டிருக்கமாட்டான்" என்று அவன்மேலேயே பழி விழவும் கூடும். ஒரு பெயரின் பெறுமதி இதுவே.

பெயரறிந்ததனால் வேறொரு நன்மையும் விளைந்தது. மதுரெல்லாவின் நெருங்கிய உறவினங்கள் பல விலங்குகளின் சாணத்தில் வாழ்பவை என்று கிளைவழி காட்டிற்று. ஆகவே சாணம் கலந்த மண்ணும், அம்மண் படிந்த முள்ளுமே நோயின் ஊற்றாயிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதலாயினர். சூடானியச் சிற்றூர்களில் ஆடுமாடுகளை முள்வேலிக்குள் அடைத்து வைப்பது வழக்கம் என்பதை எண்ணும்போது இக்கருத்து வலுப்பெறுகின்றது. முற்ற நிறுவப்படாவிடினும், நோயைத் தடுக்க எங்கே தொடங்கலாம் என்பதற்கு இது ஒரு வழிகாட்டி.

2016 இல் உலக சுகாதார நிறுவனம் மைசெற்றோமாவைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் நிரலிற் சேர்த்தது. 2022 இல் அந்நிறுவனம் முதன்முறையாகக் கவனத்துக்குரிய 19 பூஞ்சணப் பகைவரை வரிசைப்படுத்தியபோது, இந்நோயைத் தரும் பூஞ்சணங்களும் இரண்டாம் நிலையில் இடம்பெற்றன. நாள்தோறும் உண்ணும் மருந்துக்குப் பதிலாக வாரம் ஒரு முறை உண்ணக்கூடிய ஒரு புதிய மருந்தும் கார்ட்டூம் நிலையத்தில் நோயாளரிடையே சோதிக்கப்பட்டது. பழைய மருந்தினும் அது மேலானது என்று நிறுவப்படாவிடினும், அதனோடு ஒத்த பயன் காணப்பட்டது. நெடுந்தூரம் நடந்து வரும் ஏழைக்கு அதுவே ஒரு பேறு.

இந்நிலையில் 2023 ஏப்பிரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டது. கார்ட்டூம் போர்க்களமாயிற்று. அந்நிலையம் அழிந்தது. நாற்பதாண்டுகளாகத் திரட்டிய மாதிரிகளும் பதிவுகளும் பறிபோயின. நூலகமொன்று எரிந்த துயரை நேரிற் கண்டறிந்த நமக்கு அவ்விழப்பின் அளவை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏடு போனால் அதில் எழுதியிருந்ததும் போயிற்று. பூஞ்சண மாதிரிகளும் அத்தகையனவே. அவற்றினுள்ளே இன்னும் பெயரிடப்படாத இனங்கள் எத்தனை இருந்தனவோ, இனி ஒருவரும் அறிய முடியாது.

ஆயினும் எல்லாம் போய்விடவில்லை. மதுரெல்லா பாஹலீக்குச் சாட்சியாக விதிப்படி வைத்த மாதிரி கடல் கடந்து உத்தரெக்ற் நகரில் இருக்கின்றது. அதன் பரம்பரையலகின் எழுத்துக்கள் உலகம் முழுவதும் படிக்கக்கூடியதாய்ப் பதிவாகியுள்ளன. பாஹல் அவர்களின் நிலையம் இடிந்தாலும், அவர் பெயர் தாங்கிய பூஞ்சணத்தை நாளை வேறொரு நாட்டு ஆய்வுகூடத்தில் ஒரு வைத்தியர் இனங்காண இயலும். தகாத மருந்தைத் தவிர்த்து ஒரு காலைக் காக்கவும் இயலும். பெயரிடும் விதிகள் வீண் சம்பிரதாயம் என்று எண்ணுவோர் இதனைக் கருதுக.

இதுவரை பெயர் பெற்ற பூஞ்சண இனங்கள் ஏறத்தாழ 1,50,000. இருக்கக்கூடியவை இருபது இலட்சத்துக்கும் மேல் என்று 2017 இல் அறிஞர்கள் மதிப்பிட்டனர். ஆகவே நமது மாணவர்களுக்கு வேலை நிறைய உண்டு. அதற்கு வேண்டியவை ஒரு நுணுக்குக்காட்டியும், பொறுமையும், "இது தெரிந்ததுதானே" என்று எறிந்துவிடாத மனமுமே.

பெற்றோருக்கும் ஒரு சொல். தோட்டத்திலும் வயலிலும் நடக்கும் பிள்ளைகளின் காலுக்குச் செருப்பு அணிவியுங்கள். முள் தைத்தால் உடனே எடுத்துக் கழுவுங்கள். நோவில்லாத கட்டி நெடுநாள் நின்றால், நோவில்லையென்று வாளாவிராது வைத்தியரிடம் காட்டுங்கள். இலத்தீன் பெயரை மனனம் செய்ய முடியவில்லை என்று பிள்ளை சிணுங்கும்போது, மதுரையின் பெயர் தாங்கிய இப்பூஞ்சணத்தின் கதையையும் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள்.